வாட விட்ட எலுமிச்சை

தொட்டியில் வைக்கும் குட்டை ரக எலுமிச்சைக்குத் தண்ணீர் அதிகம் விடக்கூடாது. நிறையப் பேருக்கு இது தெரிவதில்லை. நீங்கள் சாய்ந்து நிற்கிறீர்களே, அந்தத் தொட்டியில் இருப்பதுகூட வருடக்கணக்கில் வெறும் இலையாகத் தழைத்துக்கொண்டிருந்த மரம்தான். பால்கனிக்கு வருகிறவர்கள் எல்லாரும் "என்ன பச்சை, என்ன பச்சை" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். காய்தான் கிடையாது.

என் வீட்டுக்காரரும் அப்படித்தான் இருந்தார், மேடம். விசாரிக்க வந்தவரிடம் மூடி மறைத்துப் பேசக்கூடாதே என்று சொல்கிறேன். அவர் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கு முன்பே ஆரம்பித்தது. முதன்முதலாக என்னிடம் தனியாகப் பேசியபோதே, "இன்னும் ரெண்டு அத்தியாயம்தான் பாக்கி" என்றார். அவர் யோசிக்கும் நேரத்தில் மிக்சி ஓடக்கூடாது. குழாய் சொட்டக்கூடாது. குழந்தை என்றால் சத்தம் போடும் என்று அதையும் தள்ளிப்போட்டோம். பிறகு, தள்ளிப்போட்டதைத் திரும்ப எடுக்கும் வயது போய்விட்டது. எனக்கு அதில் கோபம் ஒன்றும் இல்லை. அதனால்தானே செடி வளர்க்க நேரம் கிடைத்தது.

போன கோடையில் வேரைக் கத்தரித்து மண் மாற்ற நர்சரிக்காரர் வந்தார். இலையை ஒரு புரட்டுப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"செல்லம் குடுத்தே கெடுத்து வெச்சிருக்கீங்கம்மா. நேரா நேரத்துக்குச் சோறு கிடைச்சா அது ஏன் காய்க்கப்போகுது? தண்ணிய நிறுத்துங்க. இலை சுருண்டு தொங்கணும். செத்துருவோமோன்னு அதுக்கே ஒரு பயம் வரணும். அப்பதான் பூ வைக்கும்."

வாசல்வரை போனவர் திரும்பி வந்து இன்னொன்றும் சொன்னார். "வாடினதும் உடனே தண்ணி விட்டுரணும். அசந்துட்டீங்கன்னா மரமே போயிரும்."

அந்த வாரம்தான் வீட்டுக்காரருக்கு வயிற்றில் ஏதோ பிசைகிறது என்று டாக்டரிடம் போனோம். டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். "ஒண்ணுமில்லம்மா, வெறும் வாயு. கொஞ்சம் நடக்கச் சொல்லுங்க. பிரஷர் மாத்திரைய மட்டும் விடாமப் போடணும்" என்றார்.

வெளியே பெஞ்சில், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு இவர் உட்கார்ந்திருந்தார். "என்ன சொன்னார்?"

"ஒண்ணுமில்லைங்க" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். பிறகு குனிந்து அவருடைய பொத்தானைச் சரி செய்தேன். கையைப் பிடித்துக்கொண்டேன். "ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று கேட்டேன்.

அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருடத்தில் வெளியே போன இடத்தில் நான் அப்படிக் கேட்டதே இல்லை. "வீட்ல இருக்கு, வாங்க" என்பதுதான் வழக்கம். அந்த ஒரு கேள்வியில் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இல்லாத வியாதி புரிந்துவிட்டது என்று சொல்ல வேண்டும்.

அதன் பிறகு நான் பெரிதாக எதுவும் செய்யவில்லை. ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டார், எடுத்து உலர்த்தினேன். அரசியல் பேசினார், "நீங்க சொல்றதும் சரிதாங்க" என்றேன். அன்று சாயங்காலம் முழுக்கச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். மறுநாள் காலையில் நான் எழுந்தபோது மேஜையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். மிக்சி ஓடியது. அவர் தலையே தூக்கவில்லை.

நாத்தனார் போன் செய்தாள். அவள்தானே உங்களிடம் புகார் கொடுத்தது? கொடுக்கட்டும், பாசக்காரி.

"என்ன அண்ணி, அண்ணன் போன் பண்ணி என்கிட்ட மன்னிப்பு கேக்குறான்! சின்ன வயசுல என் பொம்மைய உடைச்சதுக்காம். அவனுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லைன்னு டாக்டரே சொல்லிட்டாரும்மா."

"நீங்க இவ்ளோ மெதுவாப் பேசுறதக் கேட்டாத்தான் எனக்குப் பயமா இருக்கு."

ஒருநாள் மாத்திரை அட்டையை மேஜையில் தள்ளி வைத்தார். "இனிமே இது எதுக்கும்மா?" என்றார். பாதி அத்தியாயத்தில் இருந்தார், மேடம். வாடிக்கொண்டிருக்கும் மரத்துக்கு நடுவில் ஒரு சொம்பு விட்டால், பட்ட பாடெல்லாம் வீண். மறுபடியும் இலைதான் வரும். "உங்க இஷ்டங்க" என்றேன். அட்டையை எடுத்து அலமாரியில் வைத்தேன்.

நாவல் முடிந்தது. கடைசி அத்தியாயத்தை எனக்கு வாசித்துக் காட்டினார். சாகப்போகிற ஒருவன், கூடவே இருந்த மனைவியை முதல்முறையாகப் பார்க்கிறான். வாசிக்கும்போதே அழுதார். "இப்பப் போனாலும் எனக்கு ஒரு குறையும் இல்லம்மா" என்றார். அந்த நேரத்தில் போய், உங்களுக்கு வெறும் வாயுத்தொல்லைதான் என்று எப்படிச் சொல்வது? மரியாதையாக இருக்குமா? அதுவுமில்லாமல், உயிருக்கு ஆபத்தில்லை என்று தெரிந்தால் முடிவை மாற்றி எழுத உட்கார்ந்துவிடுவார். இன்னும் ரெண்டு அத்தியாயம் என்பார். புத்தகம் அச்சாகி வரட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

புத்தகம் அச்சுக்குப் போயிருந்த சமயம், ஒரு காலையில் ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. தலையில் நரம்பு வெடித்துவிட்டதாம். பிரஷர்.

புத்தகத்துக்கு நல்ல பெயர். மரணத்தை முன்கூட்டியே உணர்ந்து எழுதியிருக்கிறார் என்று எழுதினார்கள். நாத்தனார் ஒரு பிரதியைக் கொண்டுபோய் டாக்டரிடம் கொடுத்து அழுதிருக்கிறாள். அவர், "எந்த மரணத்தை?" என்று கேட்டிருக்கிறார். அதனால்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

நர்சரிக்காரர் சொன்ன இரண்டாவது பாதி எனக்குக் கேட்டதா என்றீர்கள். நன்றாகவே கேட்டது. இந்த மரத்துக்கு இலை சுருண்ட அன்றே தண்ணீர் விட்டேன், பாருங்கள், கிளை தாங்காமல் காய்த்திருக்கிறது. அவருக்கு விடவில்லை. மாத்திரை எங்கே இருக்கிறதென்று தினமும் எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் பிழைத்துக்கொள்வார் என்பதும் தெரியும். சொன்னால் அவர் பழையபடி ஆகிவிடுவார். நானும்தான். சாகாத மனிதரிடம் எப்படி அன்பாக இருப்பது என்று எனக்குப் பழக்கமில்லை. அந்தச் சில மாதங்கள் நாங்கள் அவ்வளவு நன்றாக இருந்தோம், மேடம். கொலை செய்கிற வீடு அப்படியா இருக்கும்?

எழுதுவதை ஏன் நிறுத்திவிட்டீர்கள்? முகமெல்லாம் வெளுத்திருக்கிறதே. வெயிலில் நின்றது ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. இப்படி வந்து உட்காருங்கள். கையைக் கொடுங்கள்.

ஏதாவது சாப்பிடுகிறீர்களா?