காது வைத்த காலையில் படகு பாறைக்குப் பின்னால் நின்றது பற்றி

என் பெயரும் தகப்பனார் பெயரும் விலாசமும், ஆஸ்பத்திரியில் வைத்து என்னிடம் எழுதி வாங்கிய முதல் வாக்குமூலத்தில் உள்ளபடிதான். வயது நாற்பத்தொன்பது. மூன்றாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன், கையெழுத்துப் போடுவேன். பை தைக்கும் பட்டறையில் மெஷினில் வேலை. கடலில் இறந்துபோனவன் என் உடன்பிறந்த தம்பி. அம்மா போன பிறகு அவனை வளர்த்து ஆளாக்கியது நான்தான். இன்று யாரும் கூப்பிடாமல் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்து, முன்பு சொன்னதோடு இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளும்படி கேட்டுச் சொல்வது என்னவென்றால்:

என் தம்பி கடல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தான். அங்கே என்ன வேலை என்று கேட்டதற்குச் சொல்கிறேன். கடலுக்குள் காது வைத்துக் கேட்கிற வேலை. டார்ச் லைட் போல ஒரு கருவி, அதற்கு இங்கிலீஷில் என்னவோ பெயர் உண்டு, எங்கள் வீட்டில் காது என்றுதான் சொல்வோம். அதை முக்காலியில் கட்டிக் கடலடியில் நிறுத்திவிட்டு வந்தால் இறாலும் மீனும் போடுகிற சத்தம் அதில் பதிவாகும். கடற்புல் தழைத்த இடம் சந்தைக்கடை மாதிரி இரையும் என்றும், இழுவை வலை சுரண்டிப் போட்ட இடத்தில் பேச்சு மூச்சு இருக்காது என்றும் சொல்வான். கப்பலில் போய் வெளிச்சமே எட்டாத ஆழத்திலும் காது இறக்கிவிட்டு வந்திருக்கிறான். வந்த அன்று, நான் மெஷினில் இருக்கும்போதே என் காதில் ஹெட்போனை மாட்டிக் கேட்க வைத்தான். கூரையில் யாரோ நடப்பது போல இருந்தது. "அங்கயும் ஆள் இருக்காடா?" என்று கேட்டேன். "ஆள் இல்லக்கா, அதனாலதான் நல்லா இருக்கு" என்று சொல்லிச் சிரித்தான்.

அதன் பிறகு, வலை சுரண்டிய ஒரு இடத்தில் மறுபடியும் புல் நடுகிற வேலையை எடுத்தான். கரையிலிருந்து பார்த்தால் தெரியும் கறுப்புப் பாறைக்கு இந்தப் பக்கம் அந்த இடம். சாக்குத் துணியில் உள்ளங்கை அளவு பைகள் தைத்துக் கொடுத்தது நான். அதில் மண்ணும் நாற்றும் வைத்துப் புதைப்பார்கள், வேர் பிடிப்பதற்குள் சாக்கு மக்கிவிடும். "சீக்கிரம் கிழியுற மாதிரி தை அக்கா" என்று என்னிடம் கேட்ட ஒரே ஆள் அவன்தான். புல் பிடித்துவிட்டது. மீனும் இறாலும் திரும்பி வந்ததா என்று காது வைத்துப் பார்ப்பதுதான் பாக்கி என்று நாலு மாதமாகக் காற்று அடங்குவதற்குக் காத்திருந்தான்.

இப்போது காவலில் இருக்கும் படகோட்டியை நானும் தம்பியும் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு வாய் சும்மா இருக்காது. தனக்குத்தானே ஏதாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பார், நிலையத்தில் எல்லாரும் அவரை முணுமுணுப்பு என்பார்கள். முன்பு ஒருமுறை காது வைத்தபோது படகு மேலேயே நின்றதில், மீன் சத்தத்தோடு அவர் இருமியதும் துடுப்பைத் தட்டியதும் பதிவாகி, அந்தக் காலை வேலை முழுக்க வீணாயிற்று. அதைத் தம்பி போட்டுக் காட்டி, "அண்ணே, கடல்ல புதுசா ஒரு மீன் கிடைச்சிருக்கு, சதா பொலம்புது" என்று கேலி செய்தான். அதிலிருந்து, காது வைக்கிற அன்றைக்குப் படகைப் பாறைக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட வேண்டும் என்று ஏற்பாடு. தம்பி காதை நிறுத்திவிட்டுத் தள்ளி நீந்தி வந்து ஆரஞ்சு மிதவையை மேலே விடுவான், அதைப் பார்த்த பிறகுதான் படகு வரும். ஒரு லீவு நாளில் என்னையும் கூட்டிப்போனபோது இதை நேரில் பார்த்திருக்கிறேன். பாறைக்குப் பின்னால் அண்ணன் வாயில் துண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சம்பவத்தன்று காலையில் காற்று சுத்தமாக இல்லை. தம்பி எனக்கு முன்னால் எழுந்துவிட்டான். அவனோடு ஜோடியாகத் தண்ணீரில் இறங்குகிறவர் முந்தின நாள் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்ததால் வரவில்லை, பல் பிடுங்கினால் இறங்கக்கூடாதாம். ஜோடி இல்லாமல் யாரும் தண்ணீருக்கு அடியில் போகக்கூடாது என்பது அந்த நிலையத்தின் விதி, அது தம்பிக்கும் தெரியும். அண்ணன் எங்கள் வாசலுக்கு வந்து, "சார், தனியா வேணாம். நாளைக்குப் போவோம்" என்றார். "நாளைக்குக் காத்து உங்க பேச்சைக் கேக்குமாண்ணே?" என்றான் தம்பி. "நான் சொன்னா நீங்க கேக்குற மாதிரி இல்லியே. அக்காகிட்ட சொல்லட்டா?" என்று அவர் என்னைப் பார்த்தார். நான் பட்டறைக்கு நேரமாகிறது என்று தலை வாரிக்கொண்டிருந்தேன். "அண்ணன் சொல்றதக் கேளேன்டா" என்றேன். அதற்குத் தம்பி, "ஆளு மட்டத்துக்கு ரெண்டு மடங்குதான்கா ஆழம், வாய்க்கா மாதிரி. வெச்சிட்டு வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டு, அண்ணனிடம், "நீங்க வழக்கம்போலப் பாறைக்குப் பின்னாடி போயிடுங்க. மிதவை வராம இன்ஜினைத் தொட்டீங்கன்னா, மதியச் சாப்பாட்ட உங்களுக்குத் தர மாட்டேன்" என்றான். இதை என் காதால் கேட்டேன். அதன் பிறகு இரண்டு பேரும் போனார்கள்.

அதன் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. மிதவை வராததைப் பார்த்துப் படகை எடுத்து வந்து, தானே குதித்துத் தம்பியை மேலே கொண்டுவந்ததாக அண்ணன் சொன்னது ஏற்கனவே எழுதப்பட்டிருக்கிறது. கரையில் நின்றவர்கள் படகு தூரத்திலிருந்து வந்ததைத்தான் பார்த்தார்கள். பட்டறைக்கு ஆள் வந்து சொல்லி நான் படகுத்துறைக்கு ஓடியபோது, தம்பி பலகையில் கிடந்தான். அண்ணன் தன் சட்டையைக் கழற்றி அதன் நுனியைத் திரித்து, தம்பியின் காதிலிருந்த தண்ணீரை ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார். காதில் தண்ணீர் நின்றால் தம்பிக்கு வலிக்கும், சின்ன வயதிலிருந்தே அப்படி. நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். பக்கத்தில் நின்றவர்கள், படகோட்டி விட்டுட்டுப் போயிட்டான் என்று சொன்னதைக் கேட்டு, ஆஸ்பத்திரியில் நானும் அதையே சொன்னேன். ஏன் விட்டுப் போனாய் என்று அவரிடம் கேட்டதற்கு, ஆமாம், விட்டுவிட்டுத்தான் போனேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

டாக்டர் என்னிடம், தம்பி தண்ணீர் குடித்துச் சாகவில்லை, இதயம் நின்றுபோயிருக்கிறது என்றார். படகு பக்கத்தில் இருந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று கேட்டேன். சொல்ல முடியாதும்மா என்றார். எனக்கும் தெரியாது.

அதன் பிறகு அண்ணனுடைய மனைவி என் வீட்டுக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். படகில் கிடந்த தம்பியின் செருப்பைத் துடைத்துத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். "சார்தான் அனுப்பினாருன்னு ஒரு வார்த்த சொல்லித் தொலைங்களேன்னு கம்பிக்கு வெளிய நின்னு கெஞ்சிட்டேன். போன புள்ள மேல சொல்லி நான் வெளிய வரணுமாங்கிறாரு. ஊரு நாயமெல்லாம் முணுமுணுப்பாரு, இதுக்கு மட்டும் வாயில பூட்டு" என்றார். பிறகு என் அடுப்பில் அவரே இரண்டு பேருக்கும் தேநீர் போட்டார்.

அதன் பிறகு நிலையத்தின் இயக்குநரும் வந்தார். நல்ல மனிதர், தம்பி பேச்சை எடுத்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். புது ஆராய்ச்சிப் படகுக்குத் தம்பி பெயரை வைக்க மேலிடத்தில் எழுதியிருப்பதாகவும், ஜோடி இல்லாமல் அவனே விதியை மீறி இறங்கினான் என்று காகிதத்தில் ஏறிவிட்டால் அது நடக்காது என்றும் சொன்னார். "சொல்லாதீங்கன்னு நான் சொல்லலம்மா. தெரிஞ்சுக்கிட்டு சொல்லுங்க" என்றார். தெரிந்துகொண்டுதான் சொல்கிறேன். எங்கள் அம்மா வைத்த பெயர் அது, படகில் எழுதினால் எனக்குப் பார்க்க ஆசைதான். அதற்காக அண்ணனை உள்ளே வைத்தால் அந்தப் படகு ஒவ்வொரு தடவை போகும்போதும் நான் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

ஆகவே, அண்ணன் என் தம்பியைக் கைவிட்டுப் போகவில்லை, தம்பி போகச் சொன்ன இடத்துக்குப் போனார், வேண்டாம் என்று முதலில் தடுத்தவரும் அவர்தான் என்று எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். முன்பு நான் சொன்னது நான் பார்த்ததல்ல. அதற்கு என்ன தண்டனை உண்டோ அதை எனக்குக் கொடுக்கலாம்.

எழுதியதை ஏட்டம்மா எனக்கு வாசித்துக் காட்டினார். மேலே அவர் எழுதிய சுருக்கத்தில் 'இறந்தவரின் அலட்சியத்தால்' என்று ஒரு இடத்தில் வந்தது. "அலட்சியம் இல்லம்மா. அவன் எதையும் அலட்சியமா செஞ்சவன் இல்ல. ஆசையாலன்னு எழுதுங்க" என்றேன். "ஆசைன்னெல்லாம் ஸ்டேஷன்ல எழுத முடியாதுக்கா" என்றார். விதியை மீறினான் என்று எழுதுங்கள், தனியாக இறங்கினான் என்று எழுதுங்கள், இந்த ஒரு வார்த்தைக்குக் கீழே மட்டும் என் கை கையெழுத்துப் போடாது என்று சொன்னேன். அவர் அந்த வார்த்தையை அடித்து, 'இறந்தவர் தாமே முடிவு செய்து' என்று மேலே எழுதினார். அது சரி. அடித்த இடத்தின் ஓரத்திலும் என் கையெழுத்து உள்ளது.

இதில் உள்ளவை நான் பார்த்ததும் கேட்டதும்தான். பார்க்காததைப் பார்க்கவில்லை என்றே சொல்லியிருக்கிறேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, பயமுறுத்தவும் இல்லை. கோர்ட்டில் அண்ணனை எதிரில் நிறுத்திக் கேட்டாலும், அவர் வேண்டாம் என்று தலையாட்டினாலும், இதையேதான் சொல்வேன்.

(கையெழுத்து)
இறந்தவரின் அக்கா

வாசித்துக் காட்டி, சரியென ஒப்புக்கொண்டபின் என் முன்னிலையில் ஒப்பமிடப்பட்டது.
(ஒப்பம்) பெண் தலைமைக் காவலர்