கொழுந்து பறிக்கும் பொம்மை

அட்டனில் ரயில் ஏறி எனக்கு எதிரே அமர்ந்த பெண், அசையும் பொம்மைப் படத்துக்காகப் பக்கத்தில் இருந்த கணவன் வரைந்திருந்த தாள்களைப் புரட்டினாள்.

"கொழுந்தை இப்படி ஒத்தை ஒத்தையா கூடையில போட்டா, கங்காணி அரைநாப் பேருதாங்க போடுவாரு, பாதிச் சம்பளந்தான்."

"தேயிலை விளம்பரந்தானே புள்ள. கொழும்புக் கம்பெனிக்குப் பொம்மை அசைஞ்சா போதும்."

"இது புடிச்சாத்தானே உங்களை வேலைக்கு வச்சுக்குவாங்க? ரெண்டு கையாலயும் எடுத்து, கை நெறைஞ்சப்புறம் தோளுக்கு மேல வீசணும்."

"அறுபது தாளு வரைஞ்சுட்டேனே!"

"நான் பத்து வருசமா எடுக்கிறேன்."

அவன் பென்சிலை எடுத்தான். "சரி, செஞ்சு காட்டு."

அவள் காற்றில் கொழுந்து பறித்தாள். பெட்டியே திரும்பிப் பார்த்தது.

"இன்னும் மெதுவா, புள்ள."

"இதுக்கும் மெதுவா எடுத்தா தோட்டத்துத் தொரை என்னை வேலையை விட்டே வெரட்டிருவாரு," என்றாள். ஆனாலும் கையை மெதுவாக்கினாள்.