குருவிநத்தம் வாய்க்காலை அழிக்க மறுத்த ஆதிலட்சுமி அம்மையாருக்கு

வில்லியனூர் எழில்மனை கட்டட வடிவமைப்பகத்தில் இருபத்தேழு ஆண்டுகள் அரும்பணி ஆற்றி இன்று ஓய்வு பெறும் முதுநிலை வரைகலைஞர் திருமதி ஆதிலட்சுமி அம்மையாருக்கு, உடன் பணிபுரியும் நால்வர் உவகையோடும் உரிமையோடும் கொஞ்சம் கோபத்தோடும் படித்தளிக்கும் பாராட்டு மடல்.

வெயிலை வெயிலாகவும் நிழலை நிழலாகவும் வரைந்த வித்தகரே! கட்டாத வீட்டைக் கண்முன் காட்டும் கலையில் கைதேர்ந்தவரே! மனை விற்க வந்தவர் மேசையைத் தட்டியபோதும் மழையை மறைக்க மறுத்த மாண்பு மிக்கவரே! ஆதியக்கா என்றே நாங்கள் அழைத்துப் பழகிய அம்மையீர்! வணக்கம்.

இன்னும் எழாத கட்டடத்தைக் கணினிக்குள் எழுப்பி, சுவருக்கு வண்ணமும் தரைக்குக் கல்லும் பூட்டி, வானில் சூரியனை நிறுத்தி, போட்டோ எடுத்தது போலவே காட்டும் வேலைக்கு எங்கள் தொழிலில் ரெண்டர் என்று பெயர். அவையில் அமர்ந்திருக்கும் உறவினர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறோம். அக்கா அலுவலகத்தில் நாள் முழுக்க டிவி மாதிரி ஏதோ பார்த்துக்கொண்டிருப்பதாக அவர்களில் சிலர் நம்புவது எங்களுக்குத் தெரியும்.

அந்த மென்பொருளோடு வெளிநாட்டு மரங்களும் மனிதர்களும் தயாராகவே வருவார்கள். ஊசியிலை மரம் வரும், கம்பளிக் கோட்டு வரும், நாயைப் பிடித்தபடி நடக்கும் பொன்முடிப் பெண்மணி வருவாள். நெட்டப்பாக்கத்துக் கரும்புக்கொல்லை ஓரம் அந்தப் பெண்மணி நடப்பதைப் பார்த்துத் தாங்கள் தலையில் அடித்துக்கொண்டது இன்றும் எங்கள் கண்ணில் நிற்கிறது. ஒரு மாதம் பாகூர் கொம்யூன் ஊர்கள் முழுக்கச் சுற்றி, வேம்பையும் பூவரசையும், நெல்மூட்டை ஏற்றிய மொபெட்டையும், புல்லுக்கட்டு சுமந்த பெண்களையும், மின்கம்பத்தையும், ஓர் ஆட்டையும் படமெடுத்து வந்து, நமக்கென்றே ஒரு தொகுப்பு செய்தீர்கள். முதல் படத்தில் அந்த ஆடு தரையிலிருந்து அரை அடி மேலே மிதந்தது. அதைச் சொல்லித் தங்களைக் கேலி செய்ததற்கு இம்மேடையில் மன்னிப்புக் கேட்கிறோம். ஆனால் அந்தப் படத்தை இன்னும் அழிக்கவில்லை.

பிழையே செய்யாதவர் என்று புகழ்வது இத்தகைய மடல்களின் வழக்கம். நாங்கள் அப்படிப் புகழப் போவதில்லை. நெட்டப்பாக்கத்து வீடு ஒன்றுக்கு மாலைக் காட்சி செய்தபோது, மென்பொருளில் வடக்குத் திசையைத் திருப்பி வைக்கத் தாங்கள் மறந்தீர்கள். பொன்னிற ஒளி, நீண்ட நிழல், பார்த்தவர் எல்லாம் சொக்கிப்போன படம்! பூமி பூஜை அன்று அதையே ஃபிளக்ஸாக அடித்து வைத்தார்கள். பக்கத்து வயல்காரர் கண்ணையன் கழுத்துத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்: "இன்னாம்மா, எங்க ஊர்ல சூரியன் எப்பலேர்ந்து தெக்கால எறங்குது?"

சிரிப்பு அடங்கும்வரை நின்று, "என் தப்புதாங்க" என்று தாங்கள் சொன்னீர்கள். மறுநாளே ஒரு வழக்கம் பிறந்தது. எந்தப் படமும் வீட்டுக்காரர் கைக்குப் போகுமுன் பக்கத்து நிலத்துக்காரர் கண்ணில் பட வேண்டும். ஒரு வீட்டுக்கு இரண்டு காட்சி: ஒன்று சித்திரை வெயில், ஒன்று கார்த்திகை மழை. மழைக் காட்சிக்குத் தண்ணீர் எதுவரை நிற்கும் என்று அக்கம்பக்கத்தில் கேட்டுக் குறித்து வருவது எங்கள் வேலை. நல்ல நாளும் அதுவுமாக வாசலில் வெள்ளத்தைக் காட்டுகிறாளே என்று தங்களைத் திட்டாதவர் இந்தப் பக்கத்தில் குறைவு.

திட்டியவர்களில் ஒருவர் அபிஷேகப்பாக்கம் பாத்திமுத்து அம்மாள். படத்தைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர், போன பெருமழைக்குப் பிறகு ஒரு தூக்கு நிறையப் பாயசத்தோடு அலுவலகப் படியேறி வந்தார். "அன்னைக்கு உன்மேல கோச்சிக்கினேன்மா. படத்தைப் பார்த்துட்டு எங்க வூட்டுக்காரு மூணு படி ஏத்திக் கட்டுனாரு. தண்ணி ரெண்டாவது படியோட நின்னுபோச்சு" என்றார். தாங்கள் பாயசத்தைக் குடித்தீர்கள். பிறகு கழிவறைக்குள் போய்க் கண் சிவக்க வெளியே வந்தீர்கள். நாங்கள் பார்க்காதது போல இருந்தோம். (இந்த வரி வேண்டாம் என்று மூவர் சொன்னார்கள். மடலை எழுதும் அர்ச்சனா கேட்கவில்லை.)

இனி, இந்த அவையில் சிலருக்குப் பிடிக்காததைப் படிக்க வேண்டியிருக்கிறது.

குருவிநத்தத்தில் ஆற்றோரம் நாற்பது மனைகளுக்கு ஒரு பெரிய காட்சி கேட்டு வந்திருக்கிறார்கள். முன்வரிசை மனைகளை ஒட்டி வடிகால் வாய்க்கால் ஓடுகிறது. மழையில் அது கரை தாண்டி அந்த வரிசைக்குள் ஏறும் என்பதை ஊரில் ஆறு பேரிடம் கேட்டு எழுதி வந்தோம். தாங்கள் வாய்க்காலையும் வரைந்தீர்கள், கார்த்திகைத் தண்ணீரையும் வரைந்தீர்கள். வாய்க்காலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புல்தரையும் ஊஞ்சலும் குழந்தைகளும் போடச் சொன்னார் மனை விற்பவர். மூன்று முறை வந்தார், மூன்றாம் முறை மேசையைத் தட்டினார். தாங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னீர்கள்: "நான் படத்துல எடுத்துடலாம் சார். மழைக்கு யாரு சொல்றது?"

அவர் போன பிறகு எங்கள் முதலாளி, பொறியாளர் சிவப்பிரகாசம் ஐயா, எங்கள் நால்வரையும் டீக்கடைக்கு அழைத்துப் போனார். "இன்னும் பத்து நாள்தான்பா. அந்தம்மா போவட்டும். அப்பறம் நீங்க வாய்க்காலை எடுத்து முடிச்சு குடுத்துடுங்க" என்றார். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு டீயைக் குடித்தோம். அப்போதே மறுத்துப் பேசாததற்கு வெட்கப்படுகிறோம்.

ஐயா முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். மடலை முன்னதாகக் காட்டச் சொன்னார். காட்டவில்லை. எனவே அவரும் இப்போதுதான் கேட்கிறார்: அந்தப் பத்து நாள் இன்றோடு முடிகிறது, வாய்க்காலை நாங்கள் எடுக்க மாட்டோம். கலைவேந்தன் எடுக்க மாட்டான், அவனுக்கு அடுத்த மாதம் கல்யாணம், வேலை போனால் பெண் வீட்டில் என்ன சொல்வார்களோ என்று பயம், இருந்தும் எடுக்க மாட்டான். அர்ச்சனா எடுக்க மாட்டாள். ஃபைஜா எடுக்க மாட்டாள். அன்புராஜ் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது, அவனும் எடுக்க மாட்டான். ஊஞ்சல் போடச் சொன்ன இடத்தில் ஊஞ்சல் வராது. வாய்க்காலோர முன்வரிசை மனைகளில் யாரோ குடிவரப் போகிறார்கள். அவர்கள் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. தண்ணீர் எதுவரை ஏறும் என்று மட்டும் தெரியும். தெரிந்துகொண்டே மறைப்பதற்கு எங்களை யாரும் பழக்கவில்லை, இனிமேல் பழகுவதாகவும் இல்லை!

அம்மையீர்! ஓய்வு என்று தங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தங்கள் வழக்கத்தையும் கூடவே அனுப்பிவிடலாம் என்று எண்ணுவோர் எண்ணிக்கொள்ளட்டும். தாங்கள் கண்ணொளி குன்றாமல், கழுத்துவலி தீர்ந்து, ரெண்டர் தொண்ணூற்றெட்டு விழுக்காடு முடிந்த நேரத்தில் கணினி நின்றுபோகும் கவலையின்றி, காலை வெயிலில் காலார நடந்து, நோயற்று, நூறாண்டு வாழ்க! வரும் கார்த்திகையில் ஒரு நாள் குருவிநத்தம் போய்த் தண்ணீர் அளக்கப் போகிறோம். குடையோடு வாருங்கள்.

கண்ணாடிச் சட்டம் போட்டுத் தரும் இம்மடலின் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். அங்கே அட்டை அடிக்க வேண்டாம், இரண்டு பக்கமும் கண்ணாடி போடுங்கள் என்று கடைக்காரரிடம் சண்டை போட்டு வாங்கினோம். பின்பக்கம் இருப்பது குருவிநத்தம் காட்சி. வாய்க்கால் இருக்கிறது, கார்த்திகைத் தண்ணீர் இருக்கிறது, கரையில் தங்கள் ஆடும் இருக்கிறது, நான்கு கால்களும் தரையில். இதே படத்தின் இன்னொரு பிரதியை இன்று காலை மனை விற்பவருக்கு அனுப்பிவிட்டோம்.

தங்கள் அன்பிலும் பிடிவாதத்திலும் பங்கு கேட்கும்,

கலைவேந்தன்
அர்ச்சனா
ஃபைஜா
அன்புராஜ்

ஐந்தாவதாக ஒரு கோடு காலியாக விட்டிருக்கிறோம். அது பொறியாளர் சிவப்பிரகாசம் ஐயாவுக்கு. ஐயா, பேனா மேடை மேசையில் இருக்கிறது. நீங்கள் வரும்வரை சட்டத்தை மூடாமல் வைத்திருக்கிறோம்.