மஞ்சள் கவுன்

குழந்தைகளுக்குத் துணி தைப்பது பெரியவர்களுக்குத் தைப்பதைவிடச் சிரமம். அளவெடுக்கும்போது நெளிவார்கள், சிரிப்பார்கள், டேப்பைப் பிடித்து இழுப்பார்கள். என் அக்கா மகள் அப்படியில்லை. கையைத் தூக்கு என்றால் தூக்குவாள், திரும்பு என்றால் திரும்புவாள். இருபத்தாறு வருடமாகப் படப்பிடிப்புத் தளங்களில் தையல்காரனாக இருக்கிறேன். அவ்வளவு சொன்ன பேச்சுக் கேட்கிற நடிகையை நான் பார்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது, குழந்தை எப்படிச் செத்தாள் என்று கேட்டீர்கள், ஐயா. சொல்கிறேன். ஆனால் செவ்வாய்க்கிழமையிலிருந்து ஆரம்பித்தால் என்னைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள்.

அக்கா பேருந்தில் நடத்துநர். விடியுமுன் கிளம்பிவிடுவாள். குழந்தையின் அப்பா வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு போய் ரொம்ப நாளாயிற்று. அதனால் பள்ளி இல்லாத நாளெல்லாம் அவளை நான் வேலைக்குக் கூட்டிப்போவேன். துணி வெட்டுகிற மேஜைக்கு அடியில் உட்கார்ந்து குண்டூசிகளை வரிசையாகக் குத்தி விளையாடுவாள். அப்போது ஏழு வயது. புதுத் தொடருக்கு எடுத்த குழந்தை கேமராவைக் கண்டதும் அலறி, அதன் பெற்றோர் தூக்கிக்கொண்டு போய்விட்ட அன்றைக்கு, இயக்குநர் என் அறைப் பக்கம் வந்தார். மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்து, "யாருய்யா இந்தப் பொடிசு?" என்றார். அவளையே நடிக்கவைத்தார்கள், கதையில் இருந்த பெயரைத் தூக்கிப்போட்டுவிட்டு அதையே பெயராகவும் வைத்தார்கள். ஒரே வருடத்தில், தெருவில் போகிறவர்களெல்லாம் பொடிசு பொடிசு என்று அவள் கன்னத்தைக் கிள்ளினார்கள்.

எனக்கும் கொஞ்சம் மரியாதை வந்தது. அதுவரை தையல்காரன் பின்வாசல் வழியாக வந்து கடைசிப் பந்தியில் சாப்பிட்டுப் போகிறவன். அதற்குப் பிறகு எல்லோருக்கும் நான் மாமா. தயாரிப்பாளர்கூட "மாமா, சாப்ட்டாச்சா?" என்பார். கேமராவுக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு நாற்காலி போட்டார்கள். இதற்கு ஆசைப்பட்டு நான் எதையும் செய்யவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தொடரில் ஒருவர் வாசற்கதவைத் திறந்து கூடத்துக்கு வந்து சேர மூன்று நாளாகும். ஐந்து வருடம் ஒளிபரப்பாகியும் கதைக்குள் ஒரு வருடம்கூட முடியவில்லை. கதையில் பொடிசுக்கு வயது ஏழு. என் அக்கா மகளுக்குப் பன்னிரண்டு. பிரச்சினை அவ்வளவுதான்.

முதலில் அதைச் சிரித்துக்கொண்டேதான் சமாளித்தோம். தச்சர் மேஜை நாற்காலிகளின் காலை உயர்த்தினார், கதவை அகலமாக்கினார். கூட நடிக்கிற பெரியவர்களெல்லாம் தடித்த செருப்புப் போட்டுக்கொண்டு தத்தித் தத்தி நடந்தார்கள். ஆனால் தொடர்ச்சி பார்க்கிற பெண் ஒருத்தி இருந்தாள். நேற்று எடுத்ததும் இன்று எடுப்பதும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. மாதம் ஒருமுறை பொடிசை நிற்கவைத்து உயரம் குறித்துக்கொள்வாள். நாலாம் வருடம் அவள் குறிப்பைப் பார்த்துவிட்டு இயக்குநர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "மாமா, இதுக்கு மேல வளர்ந்தா வேற புள்ளையத்தான் பாக்கணும்." அடுத்த வாரமே ஆறு வயதுப் பெண் ஒன்று அம்மாவோடு வந்து, என் நாற்காலியில் ஏறி உட்கார்ந்திருந்தது.

அன்றிலிருந்து சாப்பாட்டை நான் கையில் எடுத்துக்கொண்டேன். காலையில் பால், மதியம் அரைத் தட்டு, மாலையில் பழம். அக்காவிடம் அவள் தளத்திலேயே சாப்பிட்டுவிட்டாள் என்பேன். தளத்தில், வீட்டில் போய்ச் சாப்பிடுவாள் என்பேன். குழந்தையும் காட்டிக்கொடுக்கவில்லை. என்மேல் அவளுக்கு அவ்வளவு பாசம்.

உயரம் நின்றது. அகலம் நிற்கவில்லை. தோள் விரிந்தது, விலா விரிந்தது. அவளுக்கு இருந்ததோ ஒரே ஒரு மஞ்சள் கவுன். கதைப்படி அது செத்துப்போன அம்மா கையால் தைத்துக் கொடுத்தது, முக்கியமான காட்சி எதுவானாலும் அதைத்தான் போடவேண்டும். நான் தைத்தது மூன்று. ஒன்று இஸ்திரியில் தீய்ந்தது, ஒன்று சாயம் போனது. அந்த மஞ்சள் அப்புறம் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை, நான் ஏறாத கடையில்லை. உள்மடிப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன். சாயம் போனதிலிருந்து பட்டை வெட்டிக் கைக்கு அடியில் ஒட்டுக் கொடுத்தேன். அதற்கு மேல் விடத் துணியில்லை.

துணியை மாற்ற முடியாதபோது ஆளைத்தான் மாற்ற வேண்டும். கூடாரத்துக்குப் போடுகிற கித்தான் துணியில், இரண்டு மடிப்பாக, விலாவைச் சுற்றி ஒரு பட்டை தைத்தேன். நல்ல வேலைப்பாடு, நீங்களே பார்த்திருப்பீர்கள். கொக்கி வைத்தால் கவுனுக்கு மேல் புடைத்துக்கொண்டு தெரியும். அதனால் காலையில் அவளுக்குப் பட்டையைச் சுற்றி, மூச்சை வெளியே விடச்சொல்லி, முதுகில் கையாலேயே தைத்துவிடுவேன். மேலே கவுனை மாட்டி அதையும் பட்டையோடு சேர்த்துத் தைப்பேன். உடம்பில் வைத்துத் தைப்பது எங்கள் தொழிலில் சாதாரணம், மாலையில் பிரித்துவிடுவோம். என்ன, அவளே கழற்றிக்கொள்ள முடியாது.

"மாமா, மூச்சு முட்டுது," என்றாள் முதல் நாள்.

"மேலாப்ல விடு. சின்னச் சின்னதா விட்டாப் போதும்."

அப்படியே பழகிக்கொண்டாள். ஒப்பனை செய்கிற அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு மாலை குழந்தையின் முதுகைப் பார்த்துவிட்டு, வேர்க்குரு என்று நான் சொன்னதற்கு, "வேர்க்குரு எனக்குத் தெரியாதாண்ணே? தோல் உரிஞ்சு கெடக்கு. இவ அம்மாகிட்ட நான் பேசட்டுமா?" என்றாள். நல்ல மனுஷிதான். நான் தயாரிப்பு நிர்வாகியிடம் அவள் கை சுத்தமில்லை, சாமான்கள் காணாமல் போகின்றன என்று ஒரு வார்த்தை சொன்னேன். மறுநாள் வேறொருத்தி வந்தாள்.

போன மாதம் குழந்தை என்னிடம், "போதும் மாமா, அந்தப் பாப்பாவே நடிக்கட்டும். நான் ஸ்கூலுக்குப் போறேன்," என்றாள். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் திட்டவில்லை. இவ்வளவு பேர் உன்னை நம்பித்தானே வேலை செய்கிறார்கள் என்று எடுத்துச் சொன்னேன். தலையாட்டினாள். தொடர் முடிகிறவரைக்கும்தான் என்று சமாதானம் செய்தேன். எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது என்பதை நான் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை மாடிப்படிக் காட்சி. கடிதம் வந்திருக்கிறது என்று கத்திக்கொண்டே பொடிசு படியேறி ஓடவேண்டும். முதல் முறை விளக்கு நிழல் விழுந்தது. இரண்டாவது முறை கடிதம் கைநழுவியது. நாலாவது முடிந்ததும் அவளே இறங்கி என்னிடம் வந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை.

"மாமா, ரெண்டே ரெண்டு தையல் பிரிச்சு விடு. அப்புறம் தச்சுக்கலாம்."

"பிரிச்சா கவுன் மேல ஏறிக்கும்டா. இன்னும் ஒரு தடவைதான்."

இன்னும் இரண்டு தடவை ஆனது. ஆறாவது முறை மேல்படியில் போய் உட்கார்ந்துவிட்டாள். ரொம்ப இயல்பாக இருக்கிறது என்று இயக்குநர் கேமராவை ஓடவிட்டார். உதடு நீலமானதைக் கேமராக்காரர்தான் முதலில் பார்த்தார். எல்லோரும் மாமா மாமா என்று கூப்பிட, நான் ஏறிப் போனேன். குப்புறப் படுக்கவைத்தோம். கண் திறந்திருந்தது, என்னைப் பார்த்தாள்.

"வெட்டுங்க, எல்லாத்தையும் வெட்டுங்க," என்றார் கேமராக்காரர்.

கத்தரிக்கோல் என் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுக்க அவர் கை நீட்டினார், நான் தட்டிவிட்டேன். சட்டைப் பையிலிருந்து தையல் பிரிக்கிற ஊசியை எடுத்தேன். கவுனில் முப்பது தையல், பட்டையில் இருபத்திரண்டு. ஒவ்வொன்றாகப் பிரித்தேன். சொந்த மாமன், பதற்றத்தில் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் செய்கிறார் என்றார்கள். என் கை நடுங்கவில்லை, ஐயா. நடுங்கினால் அந்தத் துணி கிழிந்துவிடும். பாதியில் அவள் விரல் என் முழங்காலைப் பிடித்திருந்தது, பிறகு விட்டுவிட்டது. பட்டை கழன்றதும் முதுகைத் தேய்த்தேன், பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பொடிசு என்று இல்லை, அக்கா வைத்த பெயர். திரும்பவில்லை.

ஐந்து நிமிடம் முன்னால் மூச்சு கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். இருக்கும். வெட்டுவதற்கு அவ்வளவு நேரம்கூட வேண்டாம். ஒரே இழுப்பு. பட்டையைத் தைத்தது நான், பட்டினி போட்டது நான், பிரித்து விடு என்று கேட்டபோது மறுத்ததும் நான். கத்தரியைத் தெரிந்தேதான் எடுக்கவில்லை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் என் இடத்தில் இருந்து கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அதை வெட்டிப் போட்டுவிட்டால், புதன்கிழமை குழந்தை எதைப் போட்டுக்கொண்டு நடிப்பாள்?