ராணி ஜன்னலுக்கு வர்ற நேரம்

ஐயய்யோ, கதவத் தள்ளாதீங்கம்மா. அம்மா தூங்குறாங்க. போன தடவை நீங்க வந்தப்போ பேசினாங்கதான், நான் இல்லேங்கல. கையப் பிடிச்சுக்கிட்டு, குழந்தை எப்போன்னு கேட்டாங்களா? அப்போ அது அம்மாவேதான். ஊர்ல இருக்கிற அத்தனை பேரையும் கேப்பாங்க. கல்யாணமே ஆகாத மக பக்கத்துல குத்துக்கல்லாட்டம் நிப்பேன், என்னை ஒரு வார்த்தை கேட்டதில்ல.

இப்போல்லாம் யாரையும் உள்ள விடுறதில்லம்மா. சாயங்காலம் கீழ புல்வெளில டீ குடுப்பாங்கல்ல, அங்க நின்னு பாருங்க. இந்த ஜன்னல்ல உக்காந்து கை ஆட்டுவாங்க. மூட்டு வலி, கை தோளுக்கு மேல எழும்பாது. அதப் போய் ராஜ வம்சத்துக் கையசைப்புன்னு வீடியோ எடுக்கிறாங்க, போங்க!

அரண்மனைன்னு பேருதான், ஒழுகாத இடம் ஒண்ணு கிடையாது. பழுது பாக்க வக்கில்லாம ஓட்டல்காரங்களுக்கு வித்தோம். அப்பா குதிரை கட்டின இடம் இப்போ மசாஜ் ரூம். அப்பா செத்த கட்டில்ல புதுசா கல்யாணம் ஆனவங்க படுக்குறாங்க. விக்கும்போது என் தம்பி பெரிய கெட்டிக்காரனாட்டம், அம்மா உயிரோட இருக்கிற வரைக்கும் இந்த மூலை ரூம் எங்களுக்குன்னு பேசி முடிச்சான். அக்காவும் ஒருத்தி இருக்காளேன்னு தோணல பாருங்க. அவன் பாட்டுக்கு வெளிநாடு போய்ட்டான். எனக்கு ஒரு வேலை தெரியாதும்மா. அரண்மனைப் பொண்ணு பஸ் ஏறக் கூடாதுன்னு வளத்தாங்க.

அடடா, தள்ளியே விட்டுட்டீங்களா. சரி, வந்தது வந்துட்டீங்க, உக்காருங்க. ஆமா, கட்டில் காலிதான். அம்மா போன மழைக்காலத்துலயே போய்ட்டாங்க.

மேனேஜரா? அவருக்குத் தெரியாமயா? யோசனையே அவரோடதுதான். ராணியப் பாக்கத்தான் பாதிப் பேர் ரூம் போடுறாங்க, நீங்களும் இந்த ரூம விட்டு எங்க போவீங்கன்னார். அன்னைக்கு முன்வாசல்ல யார் வீட்டுக் கல்யாணமோ. அழுக்குத் துணி எடுக்கிற வேன்ல வச்சு, பின் கேட் வழியா அம்மாவக் கொண்டு போனோம்.

அழாதீங்கம்மா, கீழ கேக்கும். நான் இன்னும் வாய்விட்டு அழல. கொஞ்சம் தள்ளிக்குங்க, தலைக்குப் பவுடர் போட்டு வெளுக்கணும். டீ வந்தாச்சு, எல்லாரும் மேல பாத்துட்டு நிக்கிறாங்க. நான் செத்தாலும் ராணி செத்துட்டாங்கன்னுதான் சொல்லுவாங்க. மக என்ன ஆனான்னு யாரும்மா கேக்கப் போறாங்க?