தரையை விட்டு எழும்பாத பந்து

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நம் கால்பந்துக் குழுத் தலைவர் கடைக்கார அப்துல் சமது அவர்களே, மேடை என்று பெயர் பெற்ற இந்த இரண்டு பெஞ்சுகளில் நெருக்கி அமர்ந்திருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் இருக்கும் மேஸ்திரியின் துணைவியார் பழனாத்தாள் அம்மையாரே, ஏலக்காட்டு வேலையைப் பாதியில் விட்டு ஈரத் துணியோடு வந்திருக்கும் தாய்மார்களே, சகோதரர்களே, வணக்கம்.

பேசத் தெரிந்தவர்கள் மூன்று பேர் எனக்கு முன்னால் பேசிவிட்டார்கள். ஏசுரத்தினமாகிய நான் எட்டாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன். இரண்டு முறையும் வகுப்புதான் ஜெயித்தது. நான் எழுதியதை என் மகள் திருத்திக் கொடுத்தாள். அவளுக்குக் காட்டாத ஒரு பகுதியும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுந்தேன்.

நம் ஸ்டோர் மேஸ்திரி காளிச்சாமி அவர்கள் பாலக்காட்டுக்குக் கிழக்கே எருத்தேன்பதியில் பிறந்தவர். முப்பத்து மூன்றாம் வருஷம் ஒரு தகரப் பெட்டியோடு இந்தச் சாந்தன்பாறைக்கு ஏறி வந்தார். இருபத்து நான்கு வருஷம் ஊருக்கு இறங்கவே இல்லை. ஆனால் ஸ்டோரில் ஏலக்காய் உலர்த்தும் அறையின் சூட்டில் நின்றுகொண்டு அவர் ஊரைப் பற்றிப் பேசாத நாள் உண்டா? கள்ளுக்கடைப் பெஞ்சுக்கு மூன்று கால்தான், நாலாவது காலுக்குக் கல் முட்டுக் கொடுத்திருக்கும் என்று சொல்லாத நாள் உண்டா? மம்மது கடையில் சைக்கிள் பம்பு வாங்கிப் பந்துக்குக் காற்றடிப்பது, செல்லாத்தாள் வீட்டு நாய் பந்தைக் கவ்விக்கொண்டு வாய்க்காலில் இறங்குவது, தோற்ற கட்சி ஜெயித்த கட்சிக்கு மரவள்ளிக் கிழங்கும் மிளகாய்ச் சட்னியும் பரிமாறுவது. நம்மில் ஒருவரும் அந்த ஊரைக் கண்டதில்லை. கண்ணைக் கட்டி விட்டாலும் கள்ளுக்கடைக்கு வழி சொல்லுவோம்.

அந்தக் கடைக்குப் பின்னால்தான் அவர்கள் பந்தாடிய பொட்டல் காடு. இரண்டு பனைமரம்தான் கோல் கம்பம். மரமேறுகிறவர் மேலே இருக்கும்போது பந்து முழங்காலுக்கு மேல் எழும்பக் கூடாது என்பது அங்கே சட்டம். அந்தச் சட்டத்தை அவர் தகரப் பெட்டியில் வைத்து இங்கே கொண்டு வந்துவிட்டார். நம் மைதானத்தில் பனை உண்டா? மூங்கில்தானே கம்பம்? இருந்தாலும் நம் பையன்கள் பந்தைத் தூக்கி அடித்தால், "கலயம் ஒடைஞ்சு போகும் சாமி, தரையோட போ" என்பார். அடுத்த எஸ்டேட்டுக்காரர்கள் நம் தலைக்கு மேலே அடித்து அடித்து ஜெயித்தார்கள். நாம் தரையைப் பார்த்து ஆடி ஒன்பது வருஷம் தோற்றோம். அவரும் ஒன்பது வருஷம் தம் கையாலேயே கிழங்கு அவித்து, ஜெயித்தவர்களுக்குப் பரிமாறினார்.

போன ஓணத்துப் போட்டி உங்களுக்கு நினைவிருக்கும். கடைசி நிமிஷத்தில் என் மகன் அருமைநாயகம் பாதி மைதானத்திலிருந்து பந்தைத் தூக்கி அடித்தான். கோல். எதிர்க்கட்சியே கைதட்டியது. நான் துண்டைத் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டு ஓடியதை இன்னும் சிலர் நடித்துக் காட்டுகிறார்கள். அந்த நேரத்தில் நம் மேஸ்திரி ரெப்ரியிடம் போய் நிற்கிறார்.

"அது எங்க கோல் இல்லீங்க. வேண்டாமுங்க."

கொடுத்த கோலை வேண்டாம் என்ற மனிதரை ரெப்ரி தம் ஆயுளில் பார்த்திருக்க மாட்டார். விசிலை வாயிலிருந்து எடுக்காமலே தலையாட்டிவிட்டார். கோப்பை போயிற்று.

"வே மேஸ்திரி, இங்க பனை ஏது, கலயம் ஏது?" என்று சண்டைக்குப் போனேன்.

"மரம் இல்லீனா என்னங்க ரத்தினம்? பழக்கம் இருக்குதல்லங்க" என்றார்.

அன்றிலிருந்து எட்டு மாதம் நான் அவரோடு பேசவில்லை. அவர் தினமும் பேசினார். நான்தான் மாடு மாதிரி தலையைத் திருப்பிக்கொண்டு போனேன்.

சித்திரை மாதம் என் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கக் கொழிஞ்சாம்பாறைக்குப் போனேன். மாப்பிள்ளைக்கு என்னை விட இரண்டு வயதுதான் குறைவு. அந்தச் சோகத்தோடு, பக்கத்தில்தானே எருத்தேன்பதி, மேஸ்திரி விட்ட சரட்டையெல்லாம் கண்டுபிடித்து வந்து ஊர் முன்னால் மானத்தை வாங்கலாம் என்று கிளம்பினேன். நல்ல எண்ணம் இல்லை. ஒப்புக்கொள்கிறேன்.

சரடு ஒன்றும் இல்லை. அதே பெஞ்சு, அதே மூன்று கால், அதே கல். எல்லைக்கு அந்தப் பக்கம் மதுவிலக்கு என்பதால் கோயமுத்தூர்ச் சீமையே பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. ஓரத்தில் ஒரு பெரியவர், பக்கத்தில் ஊன்றுகோல். பெயர் சங்கையா. சாந்தன்பாறை என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"காளிச்சாமி இருக்கறானுங்களா?"

இருக்கிறார் என்றேன். அப்புறம் அவர் சொல்லித்தான் தெரிந்தது. முப்பத்து மூன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கையா பாதி மரம் இறங்கிக்கொண்டிருந்தார். ஜெயிக்கிற ஆசையில் காளிச்சாமி பந்தைத் தூக்கி அடித்தார். பந்து இடுப்பில் தொங்கிய கலயத்தில் பட்டது. சங்கையா விழுந்தார். கால் போயிற்று. மறுநாளே காளிச்சாமி மலையேறிவிட்டார். இருவரும் சிறு வயதிலிருந்தே கூட்டாளிகள்.

"காலு போனதுக்கு நான் அழுகலீங்க. ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டான் பாருங்க, அதுக்குத்தான். அவனை வரச் சொல்லுங்க. நான் இப்ப மரத்து மேல இல்லீங்க, பெஞ்சு மேலதான் இருக்கறேன். தைரியமா அடிக்கச் சொல்லுங்க" என்று சிரித்தார்.

அவையோரே, இனி வருவதுதான் என் மகள் திருத்தாத பகுதி. அந்தச் செய்தியோடு மலையேறினேன். ஏறியதும் சொன்னேனா? இல்லை. அவர் வந்து மன்னிப்புக் கேட்கட்டும், பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். ஒரு கோலுக்காக இருந்தேன். அவர் அந்தக் கோலை ஏன் வேண்டாம் என்றார் என்று தெரிந்த பிறகும் இருந்தேன். மூன்று வாரம் இருந்தேன்.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை ஸ்டோருக்குப் போய்ச் சொன்னேன். கையில் இருந்த சல்லடையைக் கீழே வைத்தார்.

"சிரிச்சுட்டா சொன்னானுங்க?"

"சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னாரு."

மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னேன்.

"எப்பங்க பாத்தீங்க?"

"மூணு வாரம் ஆச்சு வே."

என்னையே பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். "செரி, போச்சாதுங்க, உடுங்க. இருவத்தி நாலு வருசத்துல மூணு வாரம்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் என் மகனைப் பார்த்து, "தூக்கி அடி சாமி" என்று அவர் கூவியதை நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள். மேஸ்திரிக்கு என்னவோ ஆகிவிட்டது என்றீர்கள். என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும். வியாழக்கிழமை ஊருக்குப் போக லீவு வாங்கி, தகரப் பெட்டியில் இரண்டு வேட்டியும் சங்கையாவுக்கு அரைப்படி ஏலக்காயும் எடுத்து வைத்தார். செவ்வாய்க்கிழமை மார்வலி வந்தது, அன்றே கண்ணை மூடிவிட்டார். மூன்று வாரம் முன்னால் நான் வாயைத் திறந்திருந்தால் அவர் போயிருப்பார், அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். இதை மறைத்துக்கொண்டு அவரை இந்தச் சபையில் புகழ எனக்கு வாய் வரவில்லை.

இன்று காலை பழனாத்தாள் அம்மையார் வீட்டுக்குப் போய் இதைச் சொன்னேன். அவர்கள் அழவில்லை, ஏசவுமில்லை. அந்தப் பெட்டியை எடுத்து என் முன்னால் வைத்தார்கள். "அவரு சொல்ல வேண்டியத நீங்க போயிச் சொல்லிப்போட்டு வாங்கண்ணா" என்றார்கள்.

ஆகவே, நம் குழுவின் சார்பில் இந்தச் சபை முன் உறுதி கூறுகிறேன். இங்கே நம் பையன்கள் இனிப் பந்தைத் தூக்கி அடிப்பார்கள். அது அவரே கொடுத்த அனுமதி. வருகிற தை மாதம் நம் பதினொரு பேரும் எருத்தேன்பதிக்குப் போய் ஆடுவார்கள். அங்கே மரத்தில் ஆள் இருக்கும் வரை நம் பந்து தரையை விட்டு எழும்பாது. தோற்றால் கிழங்கு பரிமாறுவோம். அதில் நமக்குப் பழக்கம் உண்டு.

தை வரை அந்தப் பெட்டி காத்திருக்க வேண்டியதில்லை. இதோ, என் காலடியில்தான் இருக்கிறது. நாளைக் காலை ஏழு மணி பஸ்ஸில் நான் புறப்படுகிறேன்.