முருகன் படத்துக்குப் பின்னால ஒரு சர்டிஃபிகேட்

சரி, கையில இருக்கிற டீயைக் குடிச்சுக்கிட்டே கேளுங்க. அது ஆறுறதுக்குள்ள ஒரு சின்னக் கதை சொல்லி முடிச்சிடறேன்...

பவானியில குழந்தைவேலுன்னு ஒருத்தர். மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் பண்ற கடை. ஒரே பொண்ணு, இளவேனில். நர்ஸிங் காலேஜ்ல சீட்டு கிடைச்சிருச்சு. ஃபீஸ் கட்ட ஜூலை முப்பது கடைசி நாள். ஜூன் மாசம் பொறந்ததும் மனுஷன் கல்விக் கடன் கேட்டு பேங்குக்குப் போனாரு.

மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்தாரு... இவரைப் பார்த்தாரு... மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தாரு. "உங்க கிரெடிட் ரிப்போர்ட்ல பைக் லோன் ஒண்ணு கட்டாம நிக்குதுங்களே. அதைச் சரி பண்ணிட்டு வாங்க."

அந்த லோனை அவர் கட்டி முடிச்சு மூணு வருஷம் ஆச்சுங்க. கடன் குடுத்த ஃபைனான்ஸ் கம்பெனி, பாக்கி இல்லைன்னு சர்டிஃபிகேட்டே குடுத்திருச்சு. ஆனா லோன் முடிஞ்ச விஷயத்தை தெரிவிக்க மறந்துட்டாங்க, யார் கடனை ஒழுங்கா கட்டறாங்கன்னு கணக்கு வச்சு இந்தக் கிரெடிட் ரிப்போர்ட் போடற கம்பெனிக்கு. இப்ப நம்மாளு என்ன பண்ணியிருக்கணும்?... நீங்களே சொல்லுங்க...

நீங்க சொல்றதை அவர் பண்ணலை. டீக்கடையில போய் அரை மணி நேரம் புலம்பினாரு. சலூன்ல, பாதி மூஞ்சி சோப்போட புலம்பினாரு. ரிப்பேருக்கு மிக்ஸி கொண்டாந்த அம்மா, கதையைக் கேட்டுக் கண்ணைத் துடைச்சுக்கிட்டு மிக்ஸியைக் குடுக்காமயே திரும்பிப் போயிருச்சு. கோயில்ல சாமிகிட்ட சொன்னாரு, அர்ச்சகர்கிட்ட தனியா ஒரு தடவை சொன்னாரு. இப்படியே மூணு வாரம்.

பொண்ணு, ஆசையா வாங்கி வச்ச வெள்ளைக் கோட்டை மடிச்சு பீரோவுல வச்சிட்டா. அதைப் பொண்ணோட அம்மா பார்த்துட்டாங்க. அம்சவேணின்னு பேரு. புருஷன் முன்னால வந்து நின்னாங்க.

"ஏனுங்க, ஊருக்கெல்லாம் சொன்னீங்களே... அந்த ரிப்போர்ட் போடறவங்ககிட்டச் சொன்னீங்களா?"

"அவங்க பெரிய கம்பெனி அம்மிணி. அவங்களுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா இப்படிப் போடுவாங்களா? அந்த சர்டிஃபிகேட் எங்க வச்சீங்க?"

எங்க இருந்துச்சு தெரியுமா?... சாமி ரூம்ல, முருகன் படத்துக்குப் பின்னால. கடன் தீர்ந்த சந்தோஷத்துல நாலு மூலையிலயும் மஞ்சள் தடவி, நடுவுல குங்குமம் வச்சு, மூணு வருஷமா சூடம் காட்டிட்டு இருந்திருக்காரு. எடுக்கப் போனா, வெள்ளிக்கிழமை அதுவுமா எடுக்கணுமாங்கறாரு.

அம்சவேணி எடுத்தாங்க. குங்குமத்தை முந்தானையால துடைச்சாங்க... அதுக்கடியில லோன் நம்பர். இளவேனில் அதைப் போன்ல படம் புடிச்சு, ரிப்போர்ட் போடற கம்பெனியோட வெப்சைட்ல எந்த வரி தப்புன்னு குறிச்சுப் புகார் போட்டா. ஃபைனான்ஸ் கம்பெனிக்கும் ஒரு காகிதம் எழுதினா. சோறு வேகறதுக்குள்ள வேலை முடிஞ்சிருச்சு.

அப்புறம் காத்திருந்தாங்க... ஒரு வாரம்... ரெண்டு வாரம்... மூணு வாரமும் தாண்டி, ஜூலை இருபதாம் தேதி மெயில் வந்துச்சு. லோன் முடிஞ்சதுன்னு திருத்தியாச்சு. பேங்க்ல கையெழுத்தாகி ஃபீஸ் கட்டினப்ப தேதி இருபத்தொன்பது. ஒரே ஒரு நாள் மிச்சம். குழந்தைவேலு அன்னிக்குத்தான் பொண்ணுகிட்ட, "நான் பவானி பூராச் சொன்னேன் சாமி... உனக்காக ஒரு லெட்டர் எழுதத் தோணலையே"ன்னு அழுதாரு.

மூணாவது வரிசையில சிரிக்கிறீங்களே அண்ணே... உங்க ரிப்போர்ட்டை நீங்க பார்த்திருக்கீங்களா? வருஷத்துக்கு ஒரு தடவை இலவசமாவே தர்றாங்க. தப்பு இருந்தா, ஆதாரத்தோட எழுதிக் கேட்கிறது நம்ம உரிமை. கேட்கிறதுக்குக் காசும் கிடையாது.

புலம்பறதுல நம்மளை மிஞ்ச ஆளே இல்லைங்க. அதுல பத்துல ஒரு பங்கை, தப்பை எழுதினவங்களுக்கு எழுதிப் போடுங்க. இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை பண்ணுங்க... சாமி படத்தைக் கொஞ்சம் நகர்த்தி, பின்னால என்ன இருக்குன்னு பாருங்க.